செருப்பின்றி இறங்கவும்

பழப் பண்ணைக் குடியிருப்பு,
சேலம் மாவட்டம்.
10.2.1980

அன்புள்ள அக்காவுக்கு இளங்கோவன் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மாமா இறந்து நாற்பது நாள்கூட ஆகாத வீட்டில் உன்னைத் தனியாக விட்டு வந்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

வேலை தற்காலிகம்தான். பட்டயப் படிப்பு முடித்த எட்டுப் பேரை எடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரை மட்டும் நிரந்தரம் ஆக்குவார்கள். ஆனவனுக்கு ஓடு வேய்ந்த இரண்டு அறை வீடு. அது எனக்குக் கிடைத்தால் நீ இங்கே வந்துவிடுகிறாய். குப்பத்துப் பஞ்சாயத்தின் முகத்தில் நீ மறுபடி விழிக்க வேண்டாம்.

என் வேலை வேர் எண்ணுவது. சிரிக்காதே. மரத்துக்கு நாலடி தள்ளிக் குழி வெட்டி, மண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, தலைமுடி மாதிரி இருக்கும் வெள்ளை வேர்களை எண்ணி நோட்டில் எழுதுகிறேன். மரம் சாப்பிடுவதும் குடிப்பதும் அந்த வெள்ளை வேரால்தான். தடித்த வேர் மரம் சாயாமல் நிற்பதற்கு. நைனா இருந்தால், "தண்ணில மீன் பிடிக்கத் தெரியாத பய மண்ணுக்குள்ள பிடிக்கிறான்"னு சொல்லியிருப்பார்.

சேர்ந்ததும் கொடுத்த முன்பணத்தில் உனக்குத் தோல் செருப்பு வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் காலை அளந்த வலை நூலைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கடைக்காரன் சிரித்தான். முப்பத்திரண்டு வருஷம் வெறும் காலில் நடந்தது போதும்.

ஏரியில் முறை வைத்து வலை போட மாமாவுக்கு இருந்த பாடு என்ன ஆயிற்று? எழுது.

உன் தம்பி,
இளங்கோவன்


மேட்டுக்குப்பம்,
பழவேற்காடு.
2.3.1980

தம்பி இளங்கோவனுக்கு அக்கா தேவகி எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீ வெயிலில் குழி வெட்டும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்.

செருப்பு வந்தது. அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. அளவெடுத்ததுதானே. ஊருக்குள் போட்டுக்கொண்டு நடந்தால் எல்லாரும் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறார்கள்.

பாடு கேட்டிருந்தாய். போன வாரம் கோயில் வாசலில் சீட்டுப் போட்டார்கள். எந்த வீட்டுக்கு எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை என்று வாசித்தார்கள். உன் மாமா பேர் வரவில்லை. எழுந்து கேட்டேன். "ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. உன் தம்பி வந்து குந்தட்டும், உங்க நைனா பாட்டைத் தரோம்" என்றார்கள். என் புருஷன் வலை இன்னும் கிழியவில்லை, நானே போடுகிறேன் என்றேன். வலைக்கார மாரி, "இன்னா தேவகி, மீசை ஒட்டிக்கினு வர்றியா?" என்றான். ஊரே சிரித்தது. நேற்றுவரை உன் மாமாவோடு ஒரே படகில் போனவன்.

வலைக்குத்தானே பாடு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தடவி இறால் பிடிக்கிறவளுக்கு யாரும் சீட்டுப் போட முடியாது. பெரிய காலனி முனியம்மாவோடு நானும் இறங்கிவிட்டேன். பறிக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு, காலால் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பாதம் பட்டதும் தெரிந்துவிடுகிறது, இது கிளிஞ்சல், இது நண்டு, இது இறால் என்று. பிறகு கை போகிறது. கை பிடிக்கிறது, கால்தான் பார்க்கிறது.

இப்போது முகத்துவாரம் மணல் மூடி ஏரி வற்றுகிறது. இறால் இல்லை. காட்டூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் களை எடுக்கப் போகிறோம். போகவர எட்டு மைல். செருப்பு உதவுகிறது.

நீ வந்து பாட்டில் குந்த வேண்டாம். வேரையே எண்ணு.

அக்கா,
தேவகி


மேட்டுக்குப்பம்
18.6.1980

தம்பிக்கு தேவகி எழுதுவது. சுகம். மார்ச்சில் எழுதின கடிதத்துக்கும் சித்திரையில் எழுதின கார்டுக்கும் பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்பு சரியில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுது.

தோப்பில் இருபத்திரண்டு பெண்கள் களை எடுத்தோம். தோப்புக்காரர் துளசிங்கம் மெட்ராஸிலிருந்து தகர டின்னில் புல்லு மருந்து கொண்டுவந்தார். அடித்த பத்தாம் நாள் கோரையெல்லாம் முறுக்கிக்கொண்டு கருகிவிட்டது. மறுநாள் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "நாளைலேர்ந்து வேலை இல்லம்மா. இனிமே மருந்து பார்த்துக்கும்" என்றார். முனியம்மா விடவில்லை. "மருந்துக்கு மட்டும் வயிறு இல்லியா நைனா? அதுக்கு எவ்ளோ கூலி?" என்றாள். அவர் காரில் ஏறிவிட்டார்.

எனக்கு மட்டும் வேலை உண்டு. எட்டாவது படித்தவள் என்பதால் டின்னில் இருக்கும் அளவைப் படிப்பேனாம். அளவு மட்டும்தான் புரிகிறது, மற்றதெல்லாம் இங்கிலீஷ். மண்டை ஓடு படம் ஒன்று இருக்கிறது. அதற்குப் படிப்பு தேவையில்லை. பீப்பாயில் மருந்தை ஊற்றி, மீனுக்கு உப்புப் பிசைகிற மாதிரி கையை விட்டுக் கலக்கி, முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு அடிக்கிறேன். டேங்க் மூடி கசிந்து பின்னங்கால் வழியாக ஒழுகும். மருந்து அடிக்கிற நாளில் துளசிங்கம் தன் நாயைக் கொட்டகையில் கட்டிப் போட்டுவிடுகிறார்.

பிஞ்சு உதிராமல் இருக்க டானிக் என்று ஒன்றும் அதே டேங்கில் அடிக்கச் சொன்னார். பிஞ்சு நிற்கவில்லை. ருமானி மாமரங்களில் கொழுந்து சுருண்டு கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. நீ எழுதினது ஞாபகம் வந்து ஒரு மரத்தடியில் கிளறிப் பார்த்தேன். வெள்ளை வேரே இல்லை. இருக்கிற வேர் நுனியெல்லாம் பருத்து, நண்டுக் கால் மாதிரி மொட்டையாக நிற்கிறது. இது என்ன வியாதி?

கை முழங்கை வரை எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

தேவகி


பழப் பண்ணை
25.6.1980

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலம்தானே. உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன் பார். முன்பு எழுதாததற்குத் திட்டிக்கொள்.

அது வியாதி இல்லை, மருந்து. உங்கள் துளசிங்கம் அடிக்கச் சொன்ன டானிக்கும் புல்லு மருந்தும் பெரும்பாலும் ஒரே சரக்குதான். ஒரு குடம் தண்ணீரில் ஊசிமுனை அளவு கலந்தால் பிஞ்சு உதிராது. கரண்டி கரண்டியாகக் கலந்தால் புல் சாகும். புல்லு மருந்து அடித்த டேங்கைக் கழுவாமல் டானிக் அடித்தால் எந்த மரம் தாங்கும்? அதோடு உங்கள் மண் மணல். மருந்தைப் பிடித்து வைக்காது, நேராக வேருக்கு இறக்கிவிடும். செல்கள் தாறுமாறாகப் பெருகி நுனி பருத்துவிடும். வெள்ளை வேர் விட முடியாது. மரம் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும்.

இருபத்தோரு பெண்களின் கூலியைத் தகர டின்னில் அடைத்து விற்கிறார்கள். வாங்குகிறவன் அதை முன்னேற்றம் என்கிறான். இதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதப் போகிறேன். பெரிய சாரிடம், அவர்தான் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர், உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கள் பண்ணை மண் களிமண், இங்கே இப்படி ஆவதில்லை. மணல் மண்ணில் வேர் கிடைத்தால் நான் தனி அறிக்கை எழுதலாம் என்கிறார். அறிக்கை எழுதினவனை நிரந்தரம் ஆக்காமல் இருக்க முடியுமா?

ஆகையால் அந்த வேலையை விட்டுவிடாதே. ஒரே ஒரு வரிசையில் மட்டும் மருந்து படாமல் பார்த்துக்கொள், துளசிங்கத்துக்குத் தெரிய வேண்டாம். அதோடு ஒப்பிட்டால்தான் மற்றது கெட்டது நிரூபணமாகும். இரண்டு வரிசையிலிருந்தும் மாதம் ஒரு முறை, மரத்துக்கு நாலடி தள்ளி, ஓரடி ஆழத்தில் வேர் எடுத்து அனுப்பு.

முக்கியமான விஷயம். மரத்தைச் சுற்றின பாத்திக்குள் செருப்போடு இறங்காதே. வெள்ளை வேர் மேலாக ஓடும், செருப்பு மிதித்தால் நசுங்கிவிடும். எது மருந்தால் போனது, எது மிதித்துப் போனது என்று தெரியாமல் என் கணக்கே கெட்டுவிடும். வெறும் காலில் மெதுவாக இறங்கு. உனக்குத்தான் ஏரியில் பழக்கமாயிற்றே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இளங்கோவன்


மேட்டுக்குப்பம்
14.9.1980

தம்பிக்கு, நான் சுகம். உனக்கு இருமல் என்று ஆடியில் நீ எழுதின கடிதத்தில் ஒரு வரி இருந்தது. சுக்குத் தட்டிப் போட்டுக் குடி.

இதோடு மூன்றாவது மூட்டை அனுப்புகிறேன். நீலத் துணி மருந்து அடித்தது, வெள்ளைத் துணி அடிக்காதது. அடிக்காத வரிசை கிழக்கு வேலி ஓரம் பதினோரு மரம். அங்கே வெறும் தண்ணீரை அடித்துவிட்டு வருகிறேன். வெறும் தண்ணீரைச் சுமக்கும்போதும் டேங்க் அதே கனம்தான்.

செருப்பைத் தோப்பு வாசல் கிளையில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். காலை ஏழு மணிக்குத் தொங்கவிட்டால் சாயந்திரம்தான் எடுப்பது. அடித்த பாத்தி ஈரமாக இருக்கும்போதே இறங்கித் தோண்டுகிறேன், அப்போதுதான் மண் இளகி வேர் அறாமல் வருகிறது. நீ சொன்னபடி ஒரு வேர்கூட மிதிபட்டிருக்காது.

துளசிங்கம் வந்தார். "இன்னாம்மா, என் தோப்புல எலி மாதிரி தோண்டியிருக்க?" என்றார். எலிதான் தோண்டியது என்றேன்.

ஒரு மாதமாகப் பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. பார்த்தால் எறும்பு இல்லை. நடை அதிகம் போலிருக்கிறது. அது போகட்டும். வீடு எப்போது கொடுப்பார்கள் என்று சொன்னார்களா?

தேவகி


பழப் பண்ணை
28.9.1980

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவலாக இருக்கிறேன். மூட்டை வந்தது. ஆனால் இந்த முறை ஏரிப் பாசியில் சுற்றி அனுப்பியிருக்கிறாய். ஏரிப் பாசியில் உப்பு இருக்காதா? வெள்ளைத் துணி வேர் பாதி கருத்துவிட்டது. மீன் மூட்டையா கட்டுகிறாய்? அடுத்த முறை நல்ல தண்ணீரில் நனைத்த வைக்கோல் வை.

மற்றபடி அற்புதம். வெள்ளைத் துணியில் ஒரு பிடி மண்ணுக்கு நூற்று நாற்பது வெள்ளை வேர். நீலத்தில் ஒன்பது. பெரிய சார் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு நம்ம ஆளுங்களைவிட நல்ல கை" என்றார். பாத்திக்குள் வெறும் காலில் இறங்கும் யோசனை என்னுடையது என்றதும் தோளைத் தட்டினார்.

இன்னும் ஆறு மாதம் அனுப்பு. வீடு கிணற்றுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் போலிருக்கிறது.

இளங்கோவன்


மேட்டுக்குப்பம்
11.1.1981

தம்பிக்கு, சுகம். நாலு மாதமாக எழுத முடியவில்லை. ஐப்பசியில் காற்றும் மழையும் அடித்து ஏரி குப்பத்துக்குள் வந்துவிட்டது. கூரை போய்விட்டது, கட்டிவிட்டேன். அவ்வளவுதான்.

தோப்பில் நாற்பது மரம் பட்டுவிட்டது. மழைக்காற்றில் ஏழு மரம் அப்படியே சாய்ந்தது. பிடித்து நிற்க வேர் இல்லை. துளசிங்கம் வந்து பார்த்துவிட்டு, நான் அளவு தெரியாமல் கலந்துவிட்டேன் என்கிறார். அளவு சொன்னவர் அவர். "மீன்காரப் பொம்பளைய தோப்புல விட்டேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்" என்று ஆட்கள் முன்னால் சொன்னார். நீ வேலையை விடாதே என்று எழுதியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

உன் செருப்பில் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். திட்டாதே. தோப்பிலிருந்து வரும்போது வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. வீட்டு வாசலில் கழற்றக் குனிந்தபோதுதான் வலது காலில் செருப்பு இல்லை என்று பார்த்தேன். முனியம்மாவை விளக்கோடு கூட்டிக்கொண்டு ஒரு மைல் தேடினேன். கிடைக்கவில்லை. "புருஷனத் தொலைச்ச, பாட்டைத் தொலைச்ச, செருப்ப மட்டும் வுட்டுவைப்பியா?" என்று கிண்டல் செய்தாள். சிரித்தோம்.

வைக்கோலில் கட்டி வேர் அனுப்பியிருக்கிறேன்.

தேவகி


பழப் பண்ணை
20.1.1981

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் கூரையும் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி.

காலில் இருக்கிற செருப்பு கழன்று போனது ஒரு மைல் வரை தெரியாதா உனக்கு? அப்படி என்ன யோசனையில் நடந்தாய்? இதை இங்கே நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். போகட்டும், வரும்போது நான்கு ஜோடி வாங்கித் தருகிறேன்.

பெரிய செய்தி. பெரிய சார் என் அறிக்கையிலிருந்து ஒரு துண்டறிக்கை அச்சடிக்கப் போகிறார். தமிழில், எல்லாத் தோப்புக்காரருக்கும். மணல் மண்ணில் எவ்வளவு அடிக்கலாம், டேங்கை எப்படிக் கழுவுவது, ஒப்பு வரிசை எதற்கு, பாத்தியில் எப்படி இறங்குவது. நாலு குறிப்பு. அடியில் என் பெயர். நிரந்தரம் ஏப்ரலில் முடிவாகும்.

அந்த மரங்களை வெட்ட விடாதே. மருந்தை நிறுத்தினால், இரண்டு மழை கண்டால், வேர் மறுபடி வெள்ளையாகத் துளிர்க்கும். இங்கே தொட்டியில் வைத்துப் பார்த்தோம். மரத்துக்குப் பொறுமை அதிகம்.

துளசிங்கத்தைப் பற்றி நீ எழுதினதைப் படித்து இரவெல்லாம் கொதித்தேன். இந்த ஆட்களைப் பற்றி ஒரு நாள் எழுதாமல் விடமாட்டேன்.

இளங்கோவன்


மேட்டுக்குப்பம்
6.4.1981

தம்பிக்கு, சுகம். கார்டில் எழுதுகிறேன், இடம் போதும். தோப்பு வேலை நின்றுவிட்டது. துளசிங்கம் குத்தகைக்கு விடப் போகிறார். கடைசி வேர் மூட்டை புதன்கிழமை அனுப்பினேன்.

மறுபடி ஏரிக்குப் போகிறேன். இந்த வருஷம் இறால் நன்றாக இருக்கிறது. முனியம்மா இரண்டு பறி நிறைக்கிறாள். எனக்குத்தான் கிடைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில்தான் தடவுகிறோம். சேறு கலங்கியிருக்கிறது போல. பழக்கம் விட்டுப் போயிற்று போல. பாதி நாள் பறி காலியாகத்தான் வருகிறது.

வீடு என்ன ஆயிற்று?

தேவகி


பழப் பண்ணை
30.4.1981

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஒவ்வொரு கடிதத்திலும் எழுதின வரிதான். இந்த முறை பதிலுக்காகக் கேட்கிறேன்.

நேற்று அறிக்கையில் தேதி சரிபார்க்க உன் கடிதங்களை வரிசையாக மேஜையில் வைத்தேன். மருந்து அடித்த நாள், வேர் தோண்டிய நாள், இலை சுருண்ட நாள் என்று சிவப்புப் பேனாவால் கோடிட்டுக்கொண்டே வந்தேன். முடித்த பிறகு கோடிடாத வரிகள் மிச்சம் இருந்தன. ஜூனில் கை எரிகிறது. செப்டம்பரில் பாதத்தில் எறும்பு. ஜனவரியில் செருப்பு. ஏப்ரலில் காலிப் பறி. அவை எனக்குத் தேவைப்படாத வரிகள். நண்பர்களிடம் சொல்லிச் சிரித்த வரி அதில் ஒன்று.

இங்கே இருக்கிற ஒரு தடிப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி இருக்கிறது. இந்த மருந்து தோல் வழியாக இறங்கினால் கை கால் நரம்பு மரத்துப் போகலாம் என்று. அந்தப் புத்தகம் ஒரு வருஷமாக என் அலமாரியில்தான் இருக்கிறது. வேர் பற்றிய அத்தியாயத்தை மட்டும் படித்தேன்.

செருப்பைக் கழற்றச் சொன்னவன் நான். வேலையை விடாதே என்றவனும் நான்.

எந்தக் கால்? எதுவரை உணர்வு இல்லை? ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்து, எவ்வளவு தூரம் என்று அளந்து எழுது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போ.

துண்டறிக்கை அச்சகத்தில் இருக்கிறது. பாத்தியில் இறங்குவது பற்றிய நாலாவது குறிப்பை எடுக்கச் சொல்ல வேண்டும். என் நிரந்தர உத்தரவில் பெரிய சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் குறிப்பு அவருக்கு மிகவும் பிடித்தது. நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

இளங்கோவன்


மேட்டுக்குப்பம்
12.5.1981

தம்பிக்கு தேவகி எழுதுவது.

அளந்து எழுதச் சொல்லியிருக்கிறாய். அளந்தேன். இரண்டு காலும். கணுக்காலுக்கு மேல் நாலு விரல் வரை. வலது கொஞ்சம் கூட. கை விரல் நுனியும் மந்தம்தான், ஆனால் பேனா பிடிக்கிறது. எழுதிக்கொள்.

ஊசி தேவைப்படவில்லை. போன மாதம் கார்டு எழுதின மறுநாள் ஏரியில் கெளுத்தி மீன் முள் குத்திவிட்டது. குத்தினது தெரியாமல் மதியம் வரை தடவிக்கொண்டிருந்தேன். கரையேறும்போது முனியம்மாதான் பார்த்து, "ஏய், இன்னாடி இது, காலோட மீனையும் இழுத்துக்கினு வர்ற" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். எனக்கு வலிக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. பல்லால் கடித்து முள்ளை எடுத்தாள். சீழ் வைத்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். எடுக்கும்போதும் பெரிதாக வலிக்கவில்லை. டாக்டர் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். மருந்து அடித்தேன் என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

மருந்து படாத வரிசை ஒன்று விடச் சொன்னாயே, அந்தப் பதினோரு மரமும் இப்போது காய்த்துத் தொங்குகிறது. அது நிற்பதால்தான் மற்றது கெட்டது தெரிகிறது. நான் கெட்டதும் அப்படித்தான் தெரிந்தது. நானும் முனியம்மாவும் ஒரே ஊர்ச் சேற்றில் ஒரே வயதில் நடக்கிறவர்கள். அவள் டேங்க் தூக்கவில்லை. தண்ணீரில் கால் வைத்ததும் இறால் கூசுகிறது என்று இப்போதும் சிரிக்கிறாள். உனக்கு ஒப்பு வரிசை வேண்டுமென்றால் அவள் இருக்கிறாள்.

மரத்துக்குப் புது வேர் வரும் என்று எழுதியிருந்தாய். டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

உன் மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. ஒன்று மட்டும் செய். அந்த நாலாவது குறிப்பை எடு. நேரம் பார்க்காதே. வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தேவகி


மேட்டுக்குப்பம்
2.10.1981

தம்பி இளங்கோவனுக்கு,

மே மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூலையில் மணியார்டர் வந்தது. அதன் அடிச்சீட்டில் நாலு வரி எழுத இடம் இருக்கும், நீ எழுதவில்லை. பணம் வருவதால் நிரந்தரம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். சந்தோஷம். இருமல் போயிற்றா?

துளசிங்கம் தோப்பைக் குத்தகை எடுத்தவர் மறுபடி மரம் வைக்கிறார். டேங்க் தூக்க முனியம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். நான் வேண்டாம் என்றேன். "ஏரில மழைக்காலம் முடியற வரிக்கும் எதைத் தின்றது? நீ சொல்லு" என்று கேட்டாள்.

புதுக் குத்தகைக்காரர் படித்தவராம். எல்லாம் முறைப்படி செய்கிறவராம். அவளிடம் ஒரு அச்சடித்த தாள் கொடுத்து, இதன்படி வேலை செய்ய வேண்டும் என்றிருக்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சைத் தாள். அடியில் உன் பெயர், எழுத்துப் பெரிதாகவே போட்டிருக்கிறார்கள்.

படித்துக் காட்டினேன். ஒன்று, அளவு. இரண்டு, டேங்கைக் கழுவுவது. மூன்று, ஒப்பு வரிசை. நாலாவதுக்கு வந்தபோது நிறுத்தினேன். நீ எடுக்கவில்லை. "வேர்கள் நசுங்காதிருக்க, மருந்திட்ட பாத்திகளில் வேலையாட்கள் செருப்பின்றி இறங்கவும்."

"இன்னா நிறுத்திட்ட, நாலாவது இன்னா போட்டிருக்குது?" என்று கேட்டாள்.

மருந்து அடித்த பாத்தியில் செருப்பு இல்லாமல் கால் வைக்கவே கூடாது என்று போட்டிருக்கிறது என்றேன். மருந்துத் தண்ணீரில் கையை விடக் கூடாது, குச்சியால்தான் கலக்க வேண்டும். டேங்க் ஒழுகினால் தூக்கக் கூடாது. காலில் எறும்பு ஊர்ந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும். தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, விரலை வரிமேல் நகர்த்தி நகர்த்திப் படித்தேன்.

"ஒரு குறிப்புல இவ்ளோவா?"

"ஆமா. சின்ன எழுத்துல போட்டிருக்கான்."

"உன் தம்பியா எழுதினது?"

"அவன்தான்."

என் காலைப் பார்த்தாள். பிறகு, "படிச்சவன் படிச்சவன்தான்மே. நம்ம காலையும் நினைச்சிருக்கான் பாரு" என்றாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். குத்தகைக்காரர் கேட்டால் அதைக் காட்டிப் பேசுவாளாம்.

அவர் அதை வாங்கிப் படிப்பார். அதற்குள் நீ வேறு தாள் அச்சடிக்க முடியுமானால் அச்சடி.

நான் உன் வீட்டுக்கு வரவில்லை. ஊரில் வலை முடிகிறேன். நீ அனுப்பின செருப்பில் இடது கால் ஒன்று இருக்கிறது. அதை வலை நூலால் காலோடு கட்டிக்கொண்டு நடக்கிறேன். கட்டாவிட்டால் கழன்றது தெரியாது.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு துண்டு நூல் மடித்து வைத்திருக்கிறேன். கீழே விழுந்துவிடப் போகிறது, பார்த்துப் பிரி. முனியம்மாவின் கால் அளவு. திங்கட்கிழமை வேலைக்கு இறங்குகிறாள். இரண்டு காலுக்கும் வாங்கி அனுப்பு.

அக்கா,
தேவகி